கிள்ளானிலிருந்து ஒரு கை

"ஃபெயில்" என்று தாளின் ஓரத்தில் சிவப்பு மையால் எழுதிவிட்டு, கார்த்திகேசு பேனாவை மூடினார்.

அம்புரோஸுக்குத் தூக்கிவாரிப் போட்டது. கோலாலம்பூர் ரயில்வே ஸ்டேஷனில் இருபத்திரண்டு வருஷம் தந்தி அடித்து ஓய்ந்தவர் அவர். கம்பியின் மறுமுனையில், கிள்ளான் ஸ்டேஷனில், அத்தனை வருஷமும் இருந்தவர் இதே கார்த்திகேசுதான். வீட்டிலிருந்தே வயர்லெஸ்ஸில் தந்தி தட்டிப் பேசுவதற்கான லைசென்ஸுக்குப் பரீட்சை வைக்க அவரே வருகிறார் என்று தெரிந்ததும், பாதி லைசென்ஸ் கைக்கு வந்துவிட்டதாகவே அம்புரோஸ் நினைத்திருந்தார்.

"என்ன கார்த்திகேசு, விளையாடுறியா?"

"நான் அடிச்சது 'மெயில் படகு தாமதம்'. நீ எழுதினது 'மெயில் ரயில் தாமதம்'. இந்த மாதிரி ஏழு இடம்."

"ரயில்வேக்காரன் இல்லையா? 'மெயில்'னு காதுல விழுந்ததும் மிச்சத்தைக் கையே எழுதிடுச்சு."

"காதுல விழுந்ததைத்தான் எழுதணும். ரெண்டு மாசம் பழகிட்டு வா."

"ஏழே வார்த்தைலா! நீ மனசு வச்சா முடியாதா?"

"முடியும். வைக்க மாட்டேன்."

அம்புரோஸ் குடையைக்கூட எடுக்காமல் எழுந்து வந்துவிட்டார்.

இருபது வயதில் சுருட்டுப் பெட்டிக்குள் கம்பி சுற்றி, தானே ஒரு வயர்லெஸ் செய்தவர் அவர். யுத்தம் வந்தது, போலீஸ் அதைப் பூட்டி சீல் வைத்துக் கொண்டுபோனது. அப்புறம் கல்யாணம், குழந்தை, வேலை. இப்போது பென்ஷன். மனைவி ஜோசஃபின் போய்ச் சேர்ந்து இரண்டு வருஷமாகிறது. மகன் ஈப்போவில். பிரிக்பீல்ட்ஸ் வீட்டில் காலையில் 'அப்பாடா' என்று சொன்னால், அதைக் கேட்கக்கூட ஆளில்லை. லைசென்ஸ் வந்தால் யாரோ ஒருவராவது பேசுவார்கள் என்று மலைபோல நம்பியிருந்தார்.

அன்றைக்கே மேலிடத்துக்கு ஒரு மனு எழுதினார். 'பழைய விரோதத்தை மனதில் வைத்து என்னைத் தோற்கடித்தார்.' விரோதமாவது ஒன்றாவது! ஆனால் மனு என்றால் அப்படி எழுதினால்தானே எடுபடும்? எடுபட்டது. பரீட்சை வைக்கும் வேலை கார்த்திகேசுவிடமிருந்து போனது.

கார்த்திகேசு மேலிருந்த ஆத்திரத்திலேயே அம்புரோஸ் இரண்டு மாதம் ராப்பகலாகப் பழகினார். அடுத்த பரீட்சைக்கு வேறொருவர் வந்தார், பாஸ் போட்டார்.

ஆனால் லைசென்ஸ் வந்ததே தவிர, ஆள் வரவில்லை. கூரைக்கு மேல் நீளமாக ஏரியல் கம்பி கட்டி, ஒன்பது நாள் கூப்பிட்டுப் பார்த்தார். லைசென்ஸ் வைத்திருந்த நாலைந்து துரைமார்களும் தங்களுக்குள்ளேயே பேசிக்கொண்டார்கள்.

"யாராவது பேசினாங்களாண்ணே?" பக்கத்து வீட்டு வள்ளியம்மா வேலிக்கு அந்தப் பக்கமிருந்து தினமும் கேட்பாள்.

"பேசுவாங்கம்மா."

"இல்லேன்னா அந்தக் கம்பியை எனக்குக் குடுத்துடுங்க. துணியாவது காயப்போடுறேன்."

பத்தாம் நாள் மாலை ஆறு மணிக்கு ஒரு பதில் வந்தது.

'பாலன். கிள்ளான். புதிது.'

புதிது என்று சொல்லவே வேண்டியதில்லை. தந்திக்காரர்களுக்குக் கை என்பது குரல் மாதிரி. அடிக்கிற தினுசிலேயே ஆளைச் சொல்லிவிடலாம். இந்தக் கையோ நடை பழகும் குழந்தை போலத் தத்தித் தத்தி வந்தது. அம்புரோஸ் சலிக்காமல் காத்திருந்து, கடைசி எழுத்து வரை கேட்டு எழுதினார்.

அதிலிருந்து தினமும் ஆறு மணிக்குப் பாலன் வந்துவிடுவார். இங்கிலீஷ் எழுத்தில் தமிழைத் தட்டிக்கொள்வார்கள். மழை பெய்ததா, கால் வலி எப்படி, இவ்வளவுதான் பேச்சு. அதற்காகவே அம்புரோஸ் ஐந்தரைக்கெல்லாம் முகம் கழுவி, சட்டை மாற்றி உட்கார்ந்துவிடுவார்.

ஒருநாள் மனதில் இருந்ததைக் கொட்டினார். 'உங்கள் ஊரில் கார்த்திகேசு என்று ஒருவன். கூடப் பழகினவன் என்றும் பார்க்காத கல்நெஞ்சக்காரன்.'

 பதில் வந்தது: 'அப்படியா. சாப்பிட்டீர்களா?'

அடுத்த வாரம் அம்புரோஸ் காய்ச்சலில் படுத்துவிட்டார். நாலு நாள் வள்ளியம்மா கஞ்சி வைத்துக் கொடுத்தாள். ஐந்தாம் நாள் ஆறு மணி அடித்ததும், சுவரைப் பிடித்துக்கொண்டு வந்து ஹெட்போனை மாட்டினார்.

யாரோ அவரைத்தான் கூப்பிட்டுக்கொண்டிருந்தார்கள். பாலன் இல்லை. மடமடவென்று மழை கொட்டுகிற வேகம்.

'அம்புரோஸ். அம்புரோஸ். நாலு நாளா எங்கே போனே? உடம்புக்கு என்ன? பதில் சொல்லு.'

புள்ளியும் கோடுமாக வந்த ஒவ்வொரு வார்த்தையிலும் கடைசிக் கோடு ஒரு இழை நீண்டது. இருபத்திரண்டு வருஷம் கேட்ட கை. அம்புரோஸ் பென்சிலைக் கீழே வைத்தார்.

சட்டென்று அது நின்றது. ஏதோ ஞாபகம் வந்த மாதிரி ஒரு இடைவெளி. மறுபடி ஆரம்பித்தபோது, இடது கையால் எழுதுகிற வலது கைக்காரனைப் போல, பழையபடி தத்தித் தத்தி வந்தது.

'பாலன். கிள்ளான்.'

 அந்த மனுவில் எழுதிய ஒவ்வொரு வரியும் அம்புரோஸுக்கு நினைவு வந்தது. கண்ணைத் துடைத்துக்கொண்டு, நிதானமாகத் தட்டினார்.

'மன்னிச்சுடு. இடது கை வலிக்கும். இனிமே வலது கையாலேயே பேசு, கார்த்திகேசு.'