சந்தை நாள் எடை

“எலெக்ட்ரான் கனமாவுதுன்னு சொல்றீங்களே தம்பி, எதத் தின்னு கனமாவுது?”

யாகப்பன் சிரிக்காமல்தான் கேட்டார். காரிமங்கலத்தில் அவர் வீட்டுக் கூடத்தில், மடக்கு நாற்காலியின் நுனியில் உட்கார்ந்திருந்தான் சவுரியப்பன். பெங்களூரில் உலோகங்களை ஆராய்கிறவன். ஞாயிறு பூசை முடிந்த கையோடு, தாய்மாமன் சின்னப்பனுடன் அரூரிலிருந்து யாகப்பன் மகளைப் பெண் பார்க்க வந்திருந்தான்.

பஸ்ஸிலேயே மாமன் எச்சரித்திருந்தார். என்ன வேலை என்பதை யாகப்பனுக்குப் புரிகிற மாதிரி சொல்ல வேண்டும். போன மாதம் வந்த கம்பெனிக்காரன், ‘அதெல்லாம் சொன்னா உங்களுக்குப் புரியாதுங்க’ என்றானாம். காபி ஆறுவதற்குள் அவனை அனுப்பிவிட்டாராம்.

சவுரியப்பனுக்கு இந்தச் சம்பந்தம் தவறிவிடக் கூடாது. யாரோ சொன்னார்கள் என்று இந்த வீட்டு விலாசத்தை மாமனிடம் கொடுத்ததே அவன்தான்.

“ஒண்ணும் திங்கிறதில்லீங்க. உங்க ஊருச் சந்தைத் திடலயே எடுத்துக்குங்க. சந்தை இல்லாத நாள்ல இந்தக் கோடியில இருந்து அந்தக் கோடிக்குப் போவ எவ்வளவு நேரமாவும்?”

“ரெண்டு நிமிசம்.”

“சந்தை அன்னிக்கு?”

“அது ஆவும் ரெண்டு மணி நேரம். புளிக்கடையில பங்காளி நிப்பான். ஆட்டுக்காரன் பேரம் முடிச்சுக் குடுன்னு கையப் புடிப்பான். பேசாம வந்தா கோவிச்சுக்குவாங்க தம்பி.”

“தராசுல ஏறி நின்னா உங்க எடை அதேதாங்க. ஆனா நகர முடியல, முதுகுல நூறு மூட்டய ஏத்தின மாதிரி. எலெக்ட்ரானோட கனமும் அப்படித்தான்.”

அதற்குப் பிறகு அவன் கூச்சத்தை மறந்துவிட்டான். செம்புக் கம்பியில் எலெக்ட்ரான்கள் காலித் திடலில் நடப்பதுபோல எளிதாகப் போகும் என்றான். சீரியம் என்ற உலோகம் கலந்த சில கலவைகளில் ஒவ்வொரு சீரியம் அணுவும் ஒரு குட்டிக் காந்தம். சூடாக இருக்கும்போது அவை தம்பாட்டுக்குத் திரும்பிக்கொண்டிருக்கும். கடுமையாகக் குளிரவைத்தால், ஓடுகிற எலெக்ட்ரானுக்கும் அவற்றுக்கும் ஒட்டுறவு வந்துவிடும். எலெக்ட்ரான் ஒவ்வொன்றிடமும் இழுபட்டு இழுபட்டு, நூறு மடங்கு, சிலவற்றில் ஆயிரம் மடங்கு கனத்ததுபோல நகரும்.

சின்னப்பன் கொட்டாவியை மென்று விழுங்கினார். யாகப்பனோ நாற்காலியை முன்னால் இழுத்துப் போட்டுக்கொண்டு, அவ்வளவு சின்னதை எப்படி எடை போட்டீர்கள் என்றார். துளித்துளியாகச் சூடு கொடுத்துப் பார்ப்போம் என்றான் இவன். சாதாரண உலோகத்தைவிடப் பல நூறு மடங்கு சூட்டை விழுங்கினால்தான் இதில் வெப்பநிலை அதே அளவு ஏறும். அதை வைத்துக் கனத்தைக் கணக்கிடலாம்.

“இன்னொரு வேடிக்கையும் இருக்குதுங்க. சிலதுல இன்னும் குளிர வச்சா, இந்தக் கனத்ததுங்களே ஜோடி சேந்துகிட்டு, தடையே இல்லாம ஓடுது.”

“அது எப்படி?”

“எழுபத்தொம்பதுல கண்டுபுடிச்சாங்க. ஆறு வருசமாச்சு, இன்னும் யாருக்கும் முழுசாத் தெரியலீங்க. எனக்கும் தெரியல.”

சொன்ன பிறகுதான் நாக்கைக் கடித்துக்கொண்டான். மாமன் அவனை முறைத்தார்.

யாகப்பன் கூரையைப் பார்த்தார். திடீரென்று தொடையைத் தட்டிச் சிரிக்க ஆரம்பித்தார்.

“சரி, நான் சாமியார்கிட்டச் சொல்லிடறேன். வர்ற ஞாயித்துக்கெழமையே கோயில்ல மொத கல்யாண ஓலை வாசிக்கட்டும். மூணு வாரம் வாசிச்சதும் கல்யாணத்த வச்சுக்கலாம்.”

சின்னப்பன் திகைத்துப்போனார். “என்னங்க இது, பொண்ணு இன்னும் காபியே கொண்டாரல. பையன் ஒரு தடவ மொகத்தப் பாக்க வேணாமா?”

“அதெல்லாம் எப்பவோ பாத்தாச்சுங்க,” என்றார் யாகப்பன். “எம்பொண்ணு லூர்துமேரி பெங்களூரு ஆஸ்பத்திரியில நர்சு. யாரு சொல்லிக் குடுத்தான்னு கேட்டா வாயத் தொறக்க மாட்டேங்கறா. ஆனா லீவுல வரும்போதெல்லாம், சந்தையில இருந்து நான் லேட்டா வூடு திரும்புனா, ‘வாங்க, கனத்த எலெக்ட்ரான்’னுதான் என்னக் கூப்புடறா.”