அறுநூறு வாட்ஸ்

பெட்டியின் மேல் அறுநூறு வாட்ஸ் என்று கொட்டை எழுத்தில் போட்டிருந்தது.

கையில் எடுத்துப் பார்த்தாள். காலி டப்பா போல லேசாக இருந்தது. அவளுக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

தையல் கடை வைத்திருப்பவள். துணியை விரலால் ஒரு தடவு தடவினாலே எத்தனை சலவை தாங்கும் என்று சொல்லிவிடுவாள். கம்ப்யூட்டருக்குக் கரண்ட் கொடுக்கிற இந்த எஸ்.எம்.பி.எஸ். பெட்டியைப் பற்றி ஒன்பது நாள் முன்புவரை அவளுக்கு ஒன்றும் தெரியாது. இந்த ஒன்பது நாளில் கண் எரியும்வரை செல்போனில் படித்திருந்தாள்.

கடைக்காரர் சாமான்களை ஒவ்வொன்றாகக் கண்ணாடி மேஜையில் பரப்பியிருந்தார். மதர்போர்டு, மெமரி, எல்லாவற்றுக்கும் தலையாட்டினாள். இந்தப் பெட்டியை மட்டும் அவர் பக்கம் தள்ளினாள். இதைவிட நல்லதாக வேண்டும் என்றாள்.

இதுவே நல்லதுதான் என்றார் கடைக்காரர். சொன்னது அவளிடம் இல்லை. சாமான் தூக்கக் கூட வந்திருந்த தம்பியிடம்.

தம்பி லாரி ஓட்டுகிறவன். கம்ப்யூட்டரில் படம் பார்ப்பதோடு சரி. அவன் அக்கா முகத்தைப் பார்த்தான்.

அவள் பையிலிருந்து பழைய பெட்டியை எடுத்து மேஜைமேல் வைத்தாள். பதினாலு மாதத்துக்கு முன்பு இதே கடையில் வாங்கியது. ஒரு வருட வாரண்டி முடிந்து இரண்டே மாதத்தில் எரிந்தது. போகும்போது மதர்போர்டையும் கூட்டிக்கொண்டு போய்விட்டது. கருகிய வாடை இன்னும் இருந்தது.

கடைக்காரர் மூக்கைச் சுளித்தார். உங்கள் வீட்டுக் கரண்ட் சரியிருக்காது சார் என்றார், மறுபடியும் தம்பியிடம்.

எலக்ட்ரீஷியனை வைத்து வீட்டு லைன் முழுவதையும் பார்த்தாகிவிட்டது, ஒரு குறையும் இல்லை என்று அவள் சொன்னாள்.

புதுப் பெட்டியைப் பக்கவாட்டில் திருப்பினாள். அங்கே எறும்பு ஊர்கிற மாதிரி ஓர் அட்டவணை. பன்னிரண்டு வோல்ட், பதினெட்டு ஆம்பியர். பெட்டியின் உண்மையான பலம் அந்த ஒரு வரியில்தான் இருக்கிறது. கிடந்த துண்டுச் சீட்டில் பெருக்கி அவர் முன்னால் வைத்தாள். இருநூற்றுப் பதினாறு வாட்ஸ்.

மீதி எங்கே போனது என்று கேட்டாள்.

அதெல்லாம் கம்பெனிக்காரன் அடிக்கிற நம்பர், எல்லாரும் அப்படித்தான் அடிக்கிறார்கள் என்று அவர் சிரித்தார். அந்தச் சிரிப்புதான் அவளை இன்னும் கிளறியது. மூன்று மீட்டர் என்று பில் போட்டு ஒரு மீட்டர் கிழித்துக் கொடுத்தால் இந்த மனுஷன் சிரித்துக்கொண்டே வாங்கிப் போவாரா?

அவர் தன் போக்கில் பேசிக்கொண்டே போனார். அவள் கேட்கிற பெட்டியின் விலைக்குக் கலர் கலராக விளக்கு எரியும் ஃபேன் நாலு போடலாம். கண்ணாடிக் கதவு வைத்த கேபினெட் எடுக்கலாம். பையன் கேம் ஆடும்போது பளபளவென்று இருக்கும். உள்ளே கிடக்கிற, வெளியே தெரியாத சாமானுக்கு யாராவது மூன்று மடங்கு கொடுப்பார்களா?

கேம் ஆடுகிற பையன் யாரும் அவள் வீட்டில் இல்லை. அதை இவரிடம் விளக்க அவளுக்கு மனமில்லை.

"ஆஃப் ஆனா மறுபடி ஆன் பண்ணிக்கப் போறீங்க. அதுல என்னம்மா போயிடப் போவுது?"

முதல் தடவையாக அவளைப் பார்த்து அவர் சொன்னது அதுதான்.

அவள் குரலை உயர்த்தவில்லை.

"ஆஃப் ஆகவே கூடாதுங்க. நான் காசு குடுக்கறது அதுக்குத்தான்."

கடையில் நின்ற மற்ற இருவர் திரும்பிப் பார்த்தார்கள். அக்கா கேட்பதை எடுத்துக் கொடுங்கள் என்று தம்பி சொன்னான். முணுமுணுத்துக்கொண்டே கடைக்காரர் ஏணி போட்டு ஏறி, மேல் தட்டிலிருந்து தூசி படிந்த பெட்டி ஒன்றை இறக்கினார். ஏழு வருட வாரண்டி. வாங்கியதும் கனத்தில் அவள் கை தாழ்ந்தது. அட்டவணையைத் தேடிப் படித்தாள். ஐம்பது ஆம்பியர். பெருக்கிப் பார்த்தாள். அறுநூறுக்கு அறுநூறு வந்தது.

கடையிலேயே எல்லாவற்றையும் பொருத்தி வாங்கி, மறுநாள் சாயங்காலம் தம்பி கம்ப்யூட்டரை வீட்டுக்குக் கொண்டுவந்தான்.

ஹாலில் கட்டிலின் தலைமாட்டை உயர்த்தி, அவள் தன் கணவரைச் சாய்த்து உட்கார வைத்தாள். நரம்பு நோய் வந்து மூன்று வருடம் ஆகிறது. முதலில் கை போனது. அப்புறம் குரல். இப்போது அசைவது கண்கள் மட்டும். திரைக்குக் கீழே பொருத்திய சின்னக் கேமரா, அவர் எந்த எழுத்தைப் பார்க்கிறார் என்று கண்டுபிடிக்கும். அவர் கோத்த வார்த்தைகளைக் கம்ப்யூட்டர் வாய்விட்டுச் சொல்லும்.

பத்து நாளாக அது இல்லை. அட்டையில் எழுதிய எழுத்துகளை அவள் ஒவ்வொன்றாகத் தொட்டுக்கொண்டு போவாள். வேண்டிய எழுத்து வந்ததும் அவர் கண்ணைச் சிமிட்டுவார். தண்ணீர். தலையணை. முதுகு. அதற்குமேல் ஒரு வார்த்தைகூட அவர் அந்த அட்டையில் கேட்கவில்லை.

பெட்டி எரிந்த அன்று இருவருக்கும் சண்டை. அவருடைய பைக்கை அவள் விற்றிருந்தாள். துருப்பிடிப்பதை எத்தனை நாள் பார்த்துக்கொண்டிருப்பது என்று, சொல்ல வேண்டியதையெல்லாம் அவள் மூச்சுவிடாமல் சொல்லி முடித்தாள். அவர் எழுத்து எழுத்தாகத் தொடங்கினார். 'நீ என்னைக் கேக்காம' என்பதுவரை வந்தபோது திரை கறுத்துவிட்டது.

அவள்தான் ஜெயித்தாள். அதற்கப்புறம் அவர் முகத்தை அவளால் நேராகப் பார்க்க முடியவில்லை.

தம்பி ஒயரைச் சொருகி சுவிட்சைப் போட்டான். திரை வெளுத்தது. அவள் கேமராவைச் சரிசெய்துவிட்டு விலகி நின்றாள். அவர் கண்கள் மெல்ல நகர ஆரம்பித்தன. வெகுநேரம் நகர்ந்தன. பிறகு, ஏற்ற இறக்கமே இல்லாத அந்தக் குரல் அறையில் கேட்டது.

"விட்ட இடத்துலேருந்து சொல்றேன். அது என்னோட பைக்."

அவள் ஸ்டூலை இழுத்துப் போட்டு அவர் எதிரில் உட்கார்ந்தாள். கண்கள் அடுத்த எழுத்துக்குப் போய்க்கொண்டிருந்தன.