எல்லாத் துண்டும்

"மறுபடியும் கத்துதுங்கண்ணா!"

விஜயகுமாரி சட்டையை மெஷின்மேலிருந்து வெடுக்கென்று எடுத்தாள். சத்தம் நின்றது. திரும்ப வைத்தாள். கீயென்று அலறியது.

சூப்பர்வைசர் தங்கராஜ் பாய்ந்து வந்து சட்டையைப் பிடுங்கினார். தையலைத் தடவினார், மடிப்பைப் பிரித்தார், கடைசியில் பல்லால் கடித்தே கிழித்தார். நூலைத் தவிர ஒன்றும் இல்லை.

"இதுலயும் இல்ல. அப்புறம் எதுக்கும்மா கத்துது?"

"எதை வெச்சாலும் கத்துதுங்க. நான் என்ன பண்ணட்டும்?"

அது ஊசி கண்டுபிடிக்கும் மெஷின். மேசைமேல் எடை மெஷின்போலத் தட்டையாக இருக்கும். தைத்து முடித்த துணியை உள்ளங்கையால் அதன்மேல் தேய்க்க வேண்டும். உடைந்த ஊசித் துண்டு துணியில் மாட்டியிருந்தால் கத்தும். தைத்திருப்பதோ குழந்தைகள் போடும் சட்டை. ஒரே ஒரு துண்டு போய்விட்டாலும் வெளிநாட்டுக்காரன் மொத்தச் சரக்கையும் திருப்பி அனுப்பிவிடுவான். வாசலில் லாரி வந்து நின்றுவிட்டது.

விஜயகுமாரியின் அவசரம் வேறு. சாயங்காலம் அவளுக்குத் திருப்பூரில் எம்.ஆர்.ஐ. ஸ்கேன். மாதக்கணக்காக வலது ஆள்காட்டி விரலில் வலி. துணியை அழுத்திப் பிடிக்க முடியாமல் டெய்லர் வேலையை விட்டு, பிசிறு வெட்டும் வேலைக்கு இறங்கியிருந்தாள். கழுத்து நரம்பு இழுப்பதால் விரல் வலிக்கலாம், ஸ்கேனில் பார்த்துவிடுவோம் என்று டாக்டர் சொல்லியிருந்தார். அலைந்து வாங்கிய நேரம் இது. இந்த மெஷினில் வழக்கமாக நிற்கும் ஒடிசாப் பெண் இன்றைக்கென்று பார்த்து ஊருக்குப் போய்விட, முதல்முறையாக இவளைக் கொண்டுவந்து நிறுத்திவிட்டார்கள்.

"அண்ணா, நேரமாச்சுங்க. நான் கெளம்பட்டுங்களா?"

"லாரிய நிக்கவெச்சுட்டுக் கெளம்பறயா? தையல்ல இருந்தவங்கள்ல ஊசி ஏறாத விரலு யாருக்கு இருக்குது? உனக்கு மட்டுந்தான் ஊரு உலகத்துல இல்லாத விரலு!"

அயர்ன் டேபிள் பக்கம் யாரோ சிரித்தார்கள்.

தங்கராஜ் மெஷின் கம்பெனிக்கு வீடியோ கால் போட்டார். கோயமுத்தூரிலிருந்து ரித்தீஷ் என்ற சர்வீஸ் இன்ஜினியர் திரையில் வந்தான்.

"சார், போனை மெஷின் பக்கம் திருப்புங்க. துணி வெக்காம சும்மா விடுங்க. கத்துதுங்களா?"

"இல்லீங்க தம்பி."

"அப்ப மெஷின் நல்லாத்தான் இருக்குது. பக்கத்துல கட்டர், கத்தரி ஏதாச்சும்?"

விஜயகுமாரி கழுத்தில் தொங்கிய நூல் வெட்டும் கட்டரைக் கழற்றித் தூர வீசினாள். சட்டையைத் தேய்த்தாள். கத்தியது.

"அக்கா, கையில மோதிரம், வளையல்?"

"கண்ணாடி வளையலுங்க. மோதிரத்த ஸ்கேனுக்குன்னு காலைலயே ஊட்டுல கழட்டி வெச்சுட்டேன்."

"தங்கம், வெள்ளி இருந்தாலும் கத்தாதுங்க்கா. இது இரும்புக்கு மட்டுந்தான். சார், உங்க தையல் லைன்ல எங்கியோ ஊசி ஒடைஞ்சு துணியில போயிருக்குது."

தங்கராஜுக்குச் சுருக்கென்றது. "அந்தப் பேச்சே வேண்டாம் தம்பி. இங்க ஊசி ஒடைஞ்சா லைனையே நிறுத்திருவோம். எல்லாத் துண்டையும் தேடியெடுத்து, அட்டையில முழு ஊசியா ஒட்டிக் காட்டினாத்தான் டெய்லருக்குப் புது ஊசி. என் காலத்துல ஒரு மொனைகூடக் காணாமப் போனதில்ல. இந்தம்மாவையே கேளுங்க."

"ஆமாங்க. போன வருசம் என்னோட ஊசி ஒடைஞ்சப்பவும் மொனை கெடைக்கற வரைக்கும் லைன ஓட்டலீங்க" என்றாள் விஜயகுமாரி, கண்ணைக் கடிகாரத்தில் வைத்துக்கொண்டே.

அவள் போன் அடித்தது. ஸ்கேன் சென்டர்.

"வர்றீங்களா, இல்ல வேற ஆளுக்குக் குடுத்துரட்டுங்களா?"

"பஸ்ஸுல வந்துட்டே இருக்கறேனுங்க" என்று பொய் சொன்னாள். கால் ஓரிடத்தில் நிற்கவில்லை.

"எல்லாப் பெட்டியையும் பிரிங்கடா!" என்று தங்கராஜ் கத்தினார். அவளுக்கு அழுகை வந்துவிட்டது. பெட்டிகளைப் பிரித்தால் விடிந்துவிடும்.

"இருங்க சார். இதே சட்டைய நீங்க தேய்ங்க பார்க்கலாம்" என்றான் ரித்தீஷ்.

தங்கராஜ் தேய்த்தார். சத்தமில்லை. இன்னொரு சட்டை. சத்தமில்லை.

"அக்கா, இப்ப நீங்க துணி இல்லாம வெறுங்கைய வைங்க."

விஜயகுமாரி கையை வைத்தாள். கீயென்று அலறியது. கட்டை விரலை மட்டும் வைத்தாள். பேச்சில்லை. ஆள்காட்டி விரலை வைத்தாள். மறுபடி அலறியது.

தங்கராஜ் துள்ளிவிட்டார். "அட, சரக்கு சுத்தம்டா! பெட்டிய ஒட்டுங்க, லோடு ஏத்துங்க!" முகமெல்லாம் பல்லாக அவள் பக்கம் திரும்பினார். "நீ கெளம்பு கண்ணு. பாவம், ஸ்கேனுக்கு நேரமாச்சு."

"போகாதீங்க்கா!" போனுக்குள்ளிருந்து ரித்தீஷ் கூவினான். "ஸ்கேன் மெஷின் எம்மாம்பெரிய காந்தம் தெரியுங்களா? விரலுக்குள்ள இருக்கற இரும்பைச் சதையோட இழுத்துரும். மொதல்ல எக்ஸ்ரே எடுங்க!"

விஜயகுமாரி பையைக் கீழே வைத்தாள். விரலைப் பார்த்தாள். பிறகு தங்கராஜை நிமிர்ந்து பார்த்தாள்.

"ஏனுங்கண்ணா, போன வருசம் இந்த விரல்ல ஊசி ஏறி ஒடைஞ்ச அன்னைக்கு என்னையக் கட்டுப் போட அனுப்பிட்டு, மொனை கெடைச்சிருச்சுன்னு சொல்லி லைன ஓட்டுனீங்களே... அந்த அட்டையில நீங்க ஒட்டினது எந்த ஊசியோட மொனைங்க?"