ஆடிட்டரின் சுய முடிவு

எதிர்வீட்டு ஆடிட்டர் சென்னியப்பனின் அலுவலகம் உலகளாவிய தணிக்கைக் கூட்டமைப்பு ஒன்றில் சேரவிருந்தது. பெயர்ப் பலகைகூட வந்து, சாக்குச் சுற்றியபடி வாசலில் நின்றது. எனக்கென்ன வந்தது, என் ஜன்னல் அந்தப் பக்கம் பார்த்து இருப்பதால் கண்ணில் படுகிறது.

ஒரே ஒரு தகுதிதான் பாக்கி. ஆடிட்டர் யாருக்கும் தலையாட்டாமல் சுயமாக முடிவெடுப்பவரா என்று பார்க்க, அவர் வீட்டுக் கூடத்தில் ஒரு கருவியை மாட்டியிருந்தார்கள். முப்பது நாளுக்குள் மனைவி சொல்லும் எதையாவது ஒரு தடவை அவர் மறுத்துவிட வேண்டும். அவ்வளவுதான்.

இருபத்தொன்பது நாளும் கருவி சும்மாவே இருந்தது. மனைவி மரகதம் எடுத்து வைத்த சட்டையைத்தான் மனிதர் மாட்டிக்கொண்டு போனார்.

கடைசி நாள் காலை, கெடு முடியப் பத்து நிமிடம். மரகதத்துக்குப் பொறுக்கவில்லை. என் ஜன்னல் வரைக்கும் கேட்டது.

"ஏனுங்க, மத்தியானத்துக்குக் கத்திரிக்காய்க் குழம்பு வெக்கறேன். வேண்டாம்னு ஒரு வார்த்தை சொல்லிப்போடுங்க. பன்னெண்டு வருசக் கனவுங்க இது."

"ஆகட்டும் அம்மணி," என்றார் ஆடிட்டர்.

பத்து நிமிடமும் ஓடி முடிந்தது; கூடத்துக் கருவியில் தோல்விக்கான சிவப்பு விளக்கு எரிந்தது.

பலகையைத் திருப்பி அனுப்பிவிடச் சொன்னார் மரகதம். அதற்கும் அவர் மறுப்பேதும் சொல்லவில்லை.