மூன்றாவது சொட்டு

காரைக்குடிக்கு மேலே பறக்கும்போது உடையப்பன் செட்டியாரின் வழுக்கைத் தலையில் ஒரு சொட்டு எண்ணெய் விழுந்தது. ஜன்னல் வழியாகக் கீழே தெரிந்த ஓட்டு வீடுகளில் தம்முடையது எது என்று தேடிக்கொண்டிருந்தவர், தலையைத் தடவி விரல்களைப் பார்த்தார். பிசுபிசுவென்று இருந்தது.

"உமையா, இது எண்ணெய்."

பக்கத்தில் இருந்த அவர் மனைவி உமையாள் ஆச்சி அவர் விரலைப் பார்த்தாள். ஒரு தடவை மேலேயும் பார்த்தாள். பிறகு கண்ணை மூடிக்கொண்டாள். அவளும் பயந்துவிட்டாள் என்று செட்டியார் முடிவு கட்டினார்.

எண்ணெய் விஷயத்தில் அவர் அனுபவப்பட்டவர். போன வருஷம் காளையார்கோவில் ரோட்டில் அவருடைய கார் இப்படித்தான் எண்ணெய் ஒழுக்கிவிட்டு நடுவழியில் நின்றது. அன்றைக்கு இறங்கி நின்று பொடி போட்டுக்கொள்ள ஒரு புளியமர நிழலாவது இருந்தது. இங்கே எங்கே இறங்கி நிற்பது?

நினைப்பு வந்ததும் பொடி மட்டையை எடுத்து ஒரு சிட்டிகை இழுத்தார். பொடியைத் தவிர வேறு எந்த வாசனையும் அந்த மூக்கில் ஏறி வருஷக்கணக்காகிறது.

கொழும்புக்கு விமானத்தில் போவதையே ஊர் அதிசயமாகப் பேசிய அறுபத்திரண்டாம் வருஷம் அது. கதிர்காமத்து முருகனைக் கும்பிடுவது, கும்பிட்ட கையோடு ஊர் திரும்புவது, வேறு எங்கும் தலைகாட்டுவதில்லை என்று கிளம்பும்போதே செட்டியார் கண்டிப்பாகச் சொல்லியிருந்தார். கொழும்பில்தான் அவர்களுடைய ஒரே மகள் மாமனார் வீட்டோடு இருந்தாள். அவள் பெற்ற பிள்ளையும் இருந்தான்.

ஆனால் மகள் கல்யாணத்து மறுவீட்டு விருந்தில் சம்பந்தி முத்தப்பன் தம்மை இரண்டாம் பந்தியில் உட்கார வைத்துவிட்டான் என்று செட்டியாருக்கு ரோசம். அன்றிலிருந்து அந்த வீட்டு வாசல்படி மிதிப்பதில்லை. தலைப்பிரசவத்துக்குக்கூட மகளை அழைத்துக்கொள்ளவில்லை. பேரன் பிறந்து நாலு மாதமாகித் தலைகூட நின்றுவிட்டதாம். ஆச்சி இன்னும் அவனைக் கண்ணால் பார்க்கவில்லை.

மகளுக்கென்று ஒரு முறுக்குகூட எடுக்கக் கூடாது என்பதும் செட்டியார் உத்தரவு. சரி என்றாள் ஆச்சி. மாற்றுச் சேலை என்று சொல்லி ஒரே ஒரு துணிப்பையோடு வந்து, விமானப் பணிப்பெண் வாங்க வந்தபோதும் கொடுக்காமல், தானே மேல்தட்டில் வைத்துக்கொண்டாள்.

கடலுக்கு மேலே வந்ததும் விமானம் மேகத்துக்குள் புகுந்து குலுங்க ஆரம்பித்தது. யாரோ இங்கிலீஷில் ஏதோ அறிவித்தார்கள். எல்லாரும் அவசரமாக பெல்ட்டை மாட்டினார்கள். இரண்டாவது சொட்டு செட்டியாரின் காது மடலில் விழுந்தது.

அவர் பணிப்பெண்ணைக் கூப்பிடக் கையைத் தூக்கினார். ஆச்சி அந்தக் கையைப் பிடித்து இறக்கினாள்.

"அந்தப் பிள்ளை என்ன செய்யும்? மத்தவுகளையும் கலவரப்படுத்தாதீக. முருகனைக் கூப்பிடுங்க."

செட்டியார் கூப்பிட்டார். உயிரோடு இறக்கிவிட்டால் கதிர்காமத்தில் மொட்டை போடுகிறேன் என்றார்.

"முருகனுக்குக் குடுக்க உங்க தலையில என்ன இருக்கு?" என்றாள் ஆச்சி.

காவடி எடுக்கிறேன் என்றார். குன்றக்குடிக்கு வருஷா வருஷம் எடுப்பதுதானே, இதில் புதிதாக என்ன என்று கேட்டாள். வெள்ளியில் வேல் செய்து சாத்துகிறேன் என்றார். வசதி இருக்கிற யாரும் செய்வதுதான் என்றாள். அதற்குள் விமானம் திடுமென்று கீழே இறங்கி மறுபடி ஏறியது. செட்டியார் முன் இருக்கையை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டார்.

"பின்ன என்னத்தத்தான் குடுக்கச் சொல்ற?"

"எதை உங்களால விட முடியாதோ அதை விடுங்க. அதுதான் வேண்டுதல்."

அவள் எதைச் சொல்கிறாள் என்று அவருக்குப் புரிந்தது. போகிற உயிருக்கு முன்னால் முத்தப்பனின் முகம் வந்து நின்று சிரித்தது. செட்டியார் பல்லைக் கடித்துக்கொண்டு, தலையைப் பின்னால் சாய்த்துக் கண்ணை இறுக மூடினார். மூன்றாவது சொட்டு அவருடைய மூக்கு நுனியிலேயே விழுந்தது.

"முருகா, தரையில கால் பட்டா முதல்ல மக வீட்டுக்குப் போறேன். முத்தப்பன் கடைசிப் பந்தியில போட்டாலும் உக்காந்து சாப்பிடுறேன்."

அவர் வாயை மூடுவதற்குள் ஆச்சி இடுப்பிலிருந்து ஒரு மஞ்சள் துணியையும் காசையும் எடுத்து நீட்டினாள். துணியில் காசை முடிந்துவிட்டால் வேண்டுதல் முருகனிடம் போய்ச் சேர்ந்துவிட்டது என்று அர்த்தம். அப்புறம் பேச்சு மாறினால் தெய்வ குற்றம். செட்டியார் காசை இறுக்கி முடிந்தார்.

மேகம் விலகியது. தென்னந்தோப்புகள் தெரிந்தன. விமானம் கொழும்பில் இறங்கி, ஓடி, நின்றது.

செட்டியாருக்குக் கண்ணில் நீர் முட்டியது. உயிர் பிழைத்த சந்தோஷமா, பேரனைப் பார்க்கப் போகிற சந்தோஷமா என்று அவருக்கே தெரியவில்லை. இவ்வளவு எண்ணெய் ஒழுகியும் வண்டியைக் கொண்டுவந்து சேர்த்துவிட்டானே முருகன் என்று மனைவியிடம் சொல்லிச் சொல்லி மாய்ந்துபோனார். ஆச்சி எல்லாவற்றுக்கும் பக்தியோடு தலையாட்டினாள்.

மஞ்சள் முடிச்சை மடியில் பத்திரப்படுத்திக்கொண்டு எழுந்தவர், மேல்தட்டில் சாய்ந்து கிடந்த துணிப்பையை எடுக்கக் கையை நீட்டினார்.

"பாத்து, நிமித்தி எடுங்க. பேரனைக் குளிப்பாட்ட அரை டின் நல்லெண்ணெயாவது மிஞ்சட்டும்."