ஓட்டலாம்

போக்குவரத்துக் காவலர்களின் பயிற்சி வகுப்பில் பேச, வருடம் ஒருமுறை என்னை அழைப்பார்கள். குடித்துவிட்டுக் கார் ஓட்டிய ஒருவன் ஸ்கூட்டியில் வந்த என் மகள் வைதேகியின் மேல் மோதிக் கொன்றான். அதற்குப் பத்து நிமிடம் முன்னால்தான் ஒரு காவலர் அவனை நிறுத்தி விசாரித்து, போகச் சொல்லியிருந்தார். “நல்லாத்தான் பேசினாருங்க” என்று கோர்ட்டில் சொன்னார். பதினோரு வருடமாகியும் அவரை நான் மன்னிக்கவில்லை.

இந்த முறை என் பேச்சுக்கு முன் ஒரு பயிற்சி நடந்தது. சிலருக்கு அளந்து பிராந்தி கொடுத்திருந்தார்கள், சிலருக்கு வெறும் தண்ணீர். வாசனை காட்டிக் கொடுத்துவிடாமலிருக்க எல்லோர் சட்டையிலும் பிராந்தி தெளித்திருந்தார்கள். கருவி இல்லாமல், பார்த்தும் பேசியுமே முடிவெடுக்க வேண்டும். ‘ஓட்டலாம்’, ‘ஓட்டக் கூடாது’ என்று எழுத எனக்கும் ஒரு தாள் தந்தார்கள்.

ஏட்டு ஏகாம்பரம் சாக்பீஸ் கோட்டின் மேல் நிதானமாக நடந்து வந்தார். “எங்கேருந்து வர்றீங்க?” என்று ஒரு பெண் காவலர் கேட்டார்.

“மாமியார் வீட்லேருந்தும்மா. அங்க மோரையே தண்ணியாத்தான் ஊத்துவாங்க, பிராந்தியா ஊத்தப் போறாங்க?”

வகுப்பே சிரித்தது. நானும் சிரித்தேன். ‘ஓட்டலாம்’ என்று எழுதினேன்.

பிறகு அவரைக் கருவியில் ஊதச் சொன்னார்கள். முப்பதைத் தாண்டினாலே குற்றம். நூற்றுப் பத்து காட்டியது.

தாள்களை வாங்கிய இன்ஸ்பெக்டர், என்னுடையதை மட்டும் மற்றவற்றோடு சேர்க்காமல் மடித்துச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டார். “நீங்க பேச வாங்க சார்.”

நான் எழுந்திருக்கவில்லை.

“அன்னைக்கு அந்தக் காரை விட்டாரே, அவர் இப்ப எந்த ஸ்டேஷன்ல இருக்கார்?” என்று கேட்டேன்.