உயிரோடு இருப்பவர்கள் வரிசை

"நான் சாகலைம்மா. அதைச் சொல்லத்தான் வந்தேன்."

லாண்டரிக் கடைக்காரர் தன் கைபேசியை மேசைமேல் வைத்தார். நாமினியான மனைவிக்கு வந்த செய்தியை அதில் படம் பிடித்து வைத்திருந்தார். 'உங்கள் கணவரின் மறைவுக்கு எங்கள் ஆழ்ந்த இரங்கல்.' கீழே காப்பீட்டு நிறுவனத்தின் பெயர்.

"உட்காருங்க சார்," என்றாள் கணினிப் பிரிவுப் பொறியாளர். "வெளிய நிக்கறவங்களுக்கும் இதே கதைதான்."

கூடத்தில் கூச்சல். "வரிசையில வாங்க. நான் உங்களுக்கு முன்னாடியே செத்தவன்," என்று பல் மருத்துவர் ஒருவர் யாரையோ அதட்டிக்கொண்டிருந்தார். விசில் தொங்கிய கழுத்தோடு நீச்சல் பயிற்சியாளர் ஒருவர் புலம்பினார்: "எம் மச்சான் அழுதுட்டே வந்தான். போறப்ப என் பைக் சாவியை எடுத்துட்டுப் போயிட்டான்."

மேலாளர் எட்டிப் பார்த்தார். "சாயந்திரத்துக்குள்ள இவங்க எல்லாரையும் எழுப்பலேன்னா, உன் வேலைக்கு நான் இரங்கல் போட வேண்டியிருக்கும்." சொல்லிவிட்டுப் போய்விட்டார்.

அவள் கண் கலங்கியது. கடைக்காரருக்கு மனசு கேட்கவில்லை.

"அழாதேம்மா. என்னதான் ஆச்சு?"

"எங்க சிஸ்டம் பெர்ல்ங்கற கணினி மொழியில ஓடுது சார். செய்திக்கான மாதிரிப் படிவம், அதாவது டெம்ப்ளேட் மட்டும் ஜாவாஸ்கிரிப்ட்ங்கற இன்னொரு மொழி மாதிரி எழுதினது. அதைப் படிச்சு ஆள் ஆளுக்குச் செய்தி தயார் பண்ண லைப்ரரின்னு ஒரு ரெடிமேட் புரோகிராம் இருக்கு. நேத்து அதைப் புது வெர்ஷனுக்கு மாத்தினேன்."

"சரி."

"உயிரோட இருக்கறவங்களுக்கு, இறந்த தேதிங்கற இடத்துல பூஜ்யம் போட்டு வெச்சிருக்கோம். பழைய லைப்ரரி பெர்ல் வழக்கப்படி அதை 'இல்லை'ன்னு எடுத்துக்கும். புதுசு, ஜாவாஸ்கிரிப்ட் வழக்கப்படி, பூஜ்யம் எண்ணா இல்லாம எழுத்தா இருந்ததால 'ஏதோ இருக்கு'ன்னு எடுத்துக்கிச்சு."

"அப்ப ஒரு பூஜ்யம் என்னைக் கொன்னுடுச்சு."

"மன்னிச்சிடுங்க சார்."

"பழசையே திரும்பப் போட்டுட வேண்டியதுதானே?"

"பழசுல ஓட்டை இருக்கு. எவன் வேணா உள்ள புகுந்துடுவான். டெம்ப்ளேட்லதான் சொல்லிக் குடுக்கணும், பூஜ்யம்னா ஆள் உயிரோட இருக்கார்னு."

"நிதானமா பண்ணும்மா. எனக்கொண்ணும் அவசரமில்லை. மத்தவங்க மாதிரி எனக்கு வீட்ல தொல்லையும் இல்லை. எம் பொண்டாட்டி தங்கம். இதுக்கெல்லாம் எதுக்கு ஆபீஸ் படி ஏறணும், அதுவா சரியாயிடும்னுட்டா. காலைல நான் கிளம்பறப்ப, முட்டி வலியோட அலையாதீங்கன்னு செருப்பையே ஒளிச்சு வெச்சுட்டா. எம் பையன் செருப்பை மாட்டிட்டு வந்திருக்கேன்."

அவளுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. முகத்தைத் துடைத்துக்கொண்டு விசைப்பலகையை இழுத்தாள். டெம்ப்ளேட்டைத் திருத்தினாள். ஒருமுறை ஓட்டிப் பார்த்தாள். பிறகு மூச்சைப் பிடித்துக்கொண்டு என்டரைத் தட்டினாள்.

கூடத்தில் ஒரு கைபேசி சிணுங்கியது. அடுத்து இன்னொன்று. பிறகு எல்லாமே சேர்ந்து அலறின.

'தாங்கள் உயிருடன் இருப்பதை மகிழ்ச்சியுடன் உறுதி செய்கிறோம்.'

பல் மருத்துவர் அதை இரண்டு தரம் படித்துவிட்டு, பக்கத்தில் நின்றவரைக் கட்டிப் பிடித்துக்கொண்டார். நீச்சல் பயிற்சியாளர் பைக்கைத் தேடி ஓடினார். பேச்சும் சிரிப்புமாக எல்லாரும் படியிறங்க, கூடம் காலியானது.

கடைக்காரரின் கைபேசி மட்டும் சத்தமே போடவில்லை.

"என்னை மட்டும் விட்டுட்டியேம்மா," என்றார் அவர், சிரித்தபடி.

"பாலிசி நம்பர் சொல்லுங்க சார்."

சொன்னார். அவள் திரையைப் பார்த்தாள். கண்ணாடியைக் கழற்றித் துடைத்துப் போட்டுக்கொண்டு மறுபடி பார்த்தாள்.

"சார், உங்க மனைவிக்கு வந்த செய்தி இந்த அப்டேட்டால வந்தது இல்லை."

"பின்னே?"

"மத்தவங்களுக்கெல்லாம் அந்த இடத்துல பூஜ்யம் இருந்தது. உங்களுக்குத் தேதியே இருக்கு. நாமினி ஆன்லைன்ல பதிவு பண்ணியிருக்காங்க."

"என்னன்னு பதிவு பண்ணியிருக்கா?"

அவள் திரையை மெல்ல அவர் பக்கம் திருப்பினாள்.

"வர்ற வெள்ளிக்கிழமை இறந்துட்டதா, சார்."